இன்னும் அடிக்காத வில்லை

எங்கள் ஊர் கொடுக்காப்பட்டில் மல்லாட்டை என்கிற வேர்க்கடலைச் செடியைப் பிடுங்கினால் செத்துப்போன பட்டாளத்துக்காரர்களின் தொப்பி வில்லையும் சேர்ந்து வரத் தொடங்கிய வருஷம் மழை சரியான பருவத்தில்தான் பெய்தது என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் வெளியூரிலிருந்து வருகிறவர்கள் எல்லாரும் எடுத்த எடுப்பில் மழையைப் பற்றித்தான் கேட்கிறார்கள், ஏதோ மழை கெட்டு, அதனால் மண் கெட்டு, அதனால் இப்படி ஆகிவிட்டது என்பதுபோல. ஒன்றும் கெடவில்லை. செடி பூவெடுத்தது, விழுது மண்ணில் இறங்கியது, காய் பிடித்தது, இலை பழுத்தது, ஏர் ஓட்டிப் பிடுங்குகிற பதத்துக்கு வந்தது, பிடுங்கிய முதல் கொத்திலேயே, காய்களுக்கு நடுவில், காய் தொங்கவேண்டிய விழுதின் நுனியில், ஒரு பித்தளை மயில் தொங்கியது. காய் ஆய்ந்துகொண்டிருந்தவள் அதைக் கிள்ளி, மண்ணை உதறி, முறத்தில் தனியாகப் போட்டுவிட்டு அடுத்த கொத்தை எடுத்தாள். வெயில் ஏறுவதற்குள் முடிக்கவேண்டிய வேலை அது.

எங்கள் ஊரில் பட்டாளத்துக்கு ஆள் போகாத வீடு கிடையாது. தாத்தாக்கள் வெள்ளைக்காரன் சண்டைக்குக் கப்பலேறினார்கள், பிள்ளைகள் ரயிலேறினார்கள், பேரன்கள் இப்போது விமானத்தில்கூடப் போகிறார்கள், ஏறுகிற வண்டிதான் மாறியதே தவிர சேருகிற பட்டாளம் ஒன்றுதான், மயில் பட்டாளம் என்று நாங்கள் சொல்லுவோம், தொப்பியில் குத்துகிற வில்லையில் தோகை விரித்த மயிலும் அதன் காலடியில் குறுக்காக இரண்டு வாளும் இருப்பதால். சொம்போ குண்டானோ எது வாங்கினாலும் பெயர் வெட்டாமல் வீட்டுக்குள் எடுக்கமாட்டோம் நாங்கள், அந்தப் பழக்கத்தில் பிள்ளை முதல் லீவில் வரும்போதே தொப்பி வில்லையைக் கழற்றிப் பாத்திரக்கடையில் கொடுத்து அதன் முதுகிலும் பெயர் வெட்டி வாங்கிவிடுவோம். அதனால் மண்ணிலிருந்து வந்த வில்லை யாருடையது என்பதில் ஒருநாளும் குழப்பம் வந்ததில்லை. திருப்பிப் பார்த்தால் பெயர் இருக்கும்.

ஊர் முதலில் கூடியது ஆச்சரியப்படுவதற்காக இல்லை, வில்லை நிலத்துக்காரனுக்கா, பெயருக்குரிய வீட்டுக்கா என்று முடிவு செய்வதற்காக. வீட்டுக்குத்தான் என்று நாட்டாண்மை சொன்னார், சொல்லிவிட்டு, உடம்பு வராத வீட்டுக்கு இதுதான் உடம்பு, மஞ்சள் தண்ணீரில் குளிப்பாட்டிக் கோடித்துணியில் வைத்துப் பறையடித்துக் கொண்டுபோய்க் காரியம் செய்துவிடுங்கள் என்றும் சொன்னார். அப்படியே செய்தோம். ஒரு போகத்துக்கு எத்தனையோ சாவு என்று ஆகிப்போனது. கிரீடம் போட்ட மயில்கூட வந்தது, ராஜா காலத்தது, அந்தப் பெயரில் எங்கள் வீட்டில் ஒருத்தர் இருந்தாரா என்று கேட்டுக்கொண்டே கொள்ளுப்பேரன்கள் மொட்டை அடித்துக்கொண்டார்கள். எண்ணெய் ஆலைக்காரர் வில்லை விழுந்து செக்கின் பல் போகிறது என்று காந்தம் வாங்கி வைத்தார், பித்தளை காந்தத்தில் ஒட்டாது என்று யாராவது அந்த மனுஷனுக்குச் சொல்லியிருக்கலாம், பிறகு சல்லடை போட்டார். பட்டாளத்திலிருந்து ஒரு பெரிய அதிகாரி ஜீப்பில் வந்தார், வில்லைகளைப் பார்த்தார், தொப்பியைக் கழற்றினார், மறுபடி மாட்டினார், டீ குடித்தார், கேழ்வரகு போட்டுப் பார்த்தால் என்ன என்று கேட்டுவிட்டுப் போய்விட்டார். கேழ்வரகில் எதுவும் வரவில்லை. அது மல்லாட்டையில்தான் வந்தது. பாதி ஊர் கேழ்வரகுக்கு மாறியது, மீதி ஊர் எங்கள் ஆள் இன்னும் வரவில்லையே என்று மல்லாட்டையையே போட்டது.

என் நிலத்தில் எதுவும் வரவில்லை. என் வீட்டுக்காரர் மயில் பட்டாளத்தில் ஸ்டோர் பார்த்தவர், பென்ஷன் வாங்கி, கட்டிலில் படுத்து, என்னிடம் வெந்நீர் கேட்டுக் குடித்துவிட்டு நிம்மதியாகச் செத்தார். அவர் ஆரம்பித்த மிலிட்டரி ஸ்டோரைப் பேருந்து நிறுத்தத்தில் நான் நடத்துகிறேன், பெல்ட்டு, பாலிஷ், பித்தளைப் பொத்தான், தொப்பி வில்லை எல்லாம் கிடைக்கும், என்னை ஸ்டோர் நாகபூஷணம் என்றால் பஸ் கண்டக்டருக்கும் தெரியும். எனக்கு ஒரு கெட்ட குணம். ஒரே மாதிரி இருக்கிறது என்று யாராவது இரண்டு பொருளை எடுத்து வைத்தால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும், எங்கே மாறுகிறது என்று கண்டுபிடிக்காமல் சோறு இறங்காது. எல்லா மயிலும் ஒரே மயில்தானே என்று கேட்கிறவர்கள் உண்டு. இல்லை சாமி, இல்லை. வார்ப்பில் ஊற்றிய கள்ள வில்லையின் முதுகு தட்டையாக, ஊசிக்குத்துப்போல் பொத்தல் விட்டு இருக்கும், அச்சில் அடித்த நல்ல வில்லையின் முதுகில் மயில் குழிவாக மறுபடி தெரியும். பழையதுக்கு முதுகில் நாக்கு, தொப்பியின் கிழிசலில் செருகவேண்டும், புதியதுக்கு இரண்டு காது, ஊசி கோர்க்கவேண்டும். ஒரு காலத்து மயிலுக்குக் கொண்டையில் மூன்று இறகு, அடுத்த காலத்து மயிலுக்கு அது மூன்றும் ஒட்டிப்போய் ஒரே கட்டி. எல்லாவற்றையும் காலவரிசையில் கறுப்பு வெல்வெட் பலகையில் குத்தி வைத்திருக்கிறேன்.

இதில் எனக்கு மிகவும் பிடித்தது கழுத்து விரிசல். வில்லை என்பது பித்தளைத் தகட்டை எஃகு அச்சில் வைத்து ஓங்கி அடித்து எடுப்பது. அடிவாங்கி அடிவாங்கி அச்சு ஒரு நாள் விரிசல் விடும், அந்த விரிசலுக்குள் பித்தளை புகுந்துகொள்ளும், வில்லையில் அது தலைமயிர் மாதிரி ஒரு மேட்டுக்கோடாக எழும்பி நிற்கும், கண்ணுக்கு லேசில் தெரியாது, கட்டைவிரலால் தடவினால் தெரியும். அச்சை மாற்றுகிறவரைக்கும் கோடு வருஷாவருஷம் நீளும். மயிலின் தொண்டையில் அது புறப்பட்டது எனக்குக் கல்யாணம் ஆன சமயம், கழுத்தில் இறங்கியது என் வீட்டுக்காரர் ரிடையர் ஆன சமயம், ஆக, ஒரு வில்லையை என் கையில் கொடுத்தால் அது எந்தச் சமயத்தில் அடித்தது என்று கோட்டைத் தடவியே சொல்லிவிடுவேன். இந்தப் புத்தியால் யாருக்கும் ஒரு பிரயோஜனமும் இல்லை என்று என் வீட்டுக்காரர் சாகிறவரைக்கும் சொல்லிக்கொண்டிருந்தார். சரியாகத்தான் சொன்னார்.

மண்ணிலிருந்து வருகிற வில்லைகளைப் புளி போட்டு விளக்குவது என் வேலையாகிவிட்டது, பித்தளை விளக்க அவளை விட்டால் ஆள் ஏது என்று ஊரே கொண்டுவந்து கொடுத்தது. ஊர் முழுக்க வில்லையைத் திருப்பிப் பெயரைத்தான் பார்க்கும். முகத்தைப் பார்க்கிறவள் நான் ஒருத்திதான்.

இப்போது ரேணுகாவைப் பற்றிச் சொல்லவேண்டும். என் கடை வாசலில் தையல் மிஷின் போட்டு யூனிபாரம் பிடித்துத் தருகிறவள், பக்கத்துத் தெருக்காரி. அவள் புருஷன் கோதண்டம் மயில் பட்டாளத்தில் இருந்தான், பனிமலையில் ரோந்து போன கூட்டத்தில் அவன் மட்டும் திரும்பவில்லை, காணவில்லை என்று தகவல் வந்தது, அதற்கு மேல் ஒரு வார்த்தையும் எவரும் சொல்லவில்லை. அழுதாளா என்று கேட்டால், ஆரம்பத்தில் அழுதாள். பிறகு அழுகை ஒரு பக்கம், சிரிப்பு ஒரு பக்கம் என்று எல்லாம் தேய்ந்துபோய், காலையில் பொட்டு வைப்பாள், பூ வைப்பாள், மிஷினில் வந்து உட்காருவாள், கால் அது பாட்டுக்கு மிதிக்கும். சாப்பிட்டியா மே என்றால், தெர்லக்கா என்பாள். விளையாட்டுக்குச் சொல்லமாட்டாள், நிஜமாகவே அவளுக்குத் தெரியாது.

மல்லாட்டையில் வில்லை வர ஆரம்பித்ததும் அவள் தன் பங்கு நிலத்தில் கேழ்வரகு போட்டாள், அடுத்த போகமும் கேழ்வரகு, அதற்கடுத்ததும் கேழ்வரகு. காரணம் எல்லாருக்கும் தெரியும். வில்லை வந்தால் தாலி போய்விடும், வராதவரைக்கும் அவன் எங்கோ இருக்கிறான். ஊரும் சும்மாதான் இருந்தது. கோதண்டத்தின் அண்ணன் ஏகாம்பரத்தால்தான் சும்மா இருக்கமுடியவில்லை. அவரைக் கெட்டவர் என்று நான் சொல்லமாட்டேன். தாயில்லாத தம்பியைத் தோளில் தூக்கி வளர்த்தவர், தம்பி மண்ணுக்குள் மூச்சு முட்டிக் கிடப்பதாகக் கனவு கண்டு எழுந்து உட்கார்ந்துகொள்கிறவர். ஒரு ஆடியில் அவரே ஏர் பூட்டி, ரேணுகாவைக் கேட்காமல், அவள் நிலத்தில் மல்லாட்டை விதைத்துவிட்டார்.

"எம் புள்ள மாதிரிமா அவன். அவன வெளிய எடுத்து வுட்டுடறன். நீ என்ன சபிச்சாலும் சபி" என்று அவளிடம் சொன்னார்.

"நான் ஏன் மாமா சபிக்கப் போறன்" என்றாள் ரேணுகா.

செடி பழுத்தது. பிடுங்கினார்கள். கொத்தில் வில்லை வந்தது, முதுகில் மு. கோதண்டம் என்று இருந்தது. அன்றைக்கே ரேணுகாவின் அண்ணன்மார்கள் கோடிச் சேலையோடு வந்து இறங்கிவிட்டார்கள், மாரியம்மன் கோயில் எதிரில் பந்தல் போட்டுவிட்டார்கள், பறைக்காரர்கள் தீ மூட்டிப் பறை காய்ச்சிக்கொண்டிருந்தார்கள், என்னிடம் புளியும் வில்லையும் வந்தது. ரேணுகா பெண்களுக்கு நடுவில் உட்கார்ந்திருந்தாள், ஒருத்தி அவள் தலையில் இருந்த பூவை ஏற்கெனவே எடுத்துவிட்டிருந்தாள், எடுத்ததுகூட அவளுக்குத் தெரிந்ததா என்று எனக்குச் சந்தேகம்.

நான் புளியைக் கரைத்துத் தேய்த்தேன். மண் போனது, களிம்பு போனது, மயில் பளிச்சென்று வந்தது, கட்டைவிரலை ஓட்டினேன். கோடு தொண்டையில் புறப்பட்டது, கழுத்தில் இறங்கியது, சரி, அங்கே நிற்கவேண்டும், ஏனென்றால் கோதண்டம் பட்டாளத்தில் சேர்ந்த சமயத்து வில்லையில் அது கழுத்தோடு நின்றுவிடும். நிற்கவில்லை. மார்புக்கு வந்தது. காணாமல் போன சமயத்தையும் தாண்டிவிட்டது. இறக்கைக்கு வந்தது, போன மாதம் லீவில் வந்த பையனின் தொப்பியில் இருந்ததே, அதுவரைக்கும் வந்தது, அங்கேயும் நிற்காமல் இறக்கையை அறுத்துக்கொண்டு, தொடைக்கு இறங்கி, மயிலின் கால் வாளைத் தொடுகிற இடம்வரைக்கும் போய்த்தான் நின்றது. என் பலகையில் இப்படி ஒரு கோடு இல்லை. எவன் பலகையிலும் இருக்கமுடியாது. திருப்பிப் பார்த்தேன், பெயரும் பாத்திரக்கடைக்காரன் வெட்டிய பெயர் இல்லை, ஆணியால் தப்புந்தவறுமாகக் கீறியது.

"பறைய நிறுத்தச் சொல்லுங்க" என்றேன்.

நாட்டாண்மை வந்தார், ஏகாம்பரம் வந்தார், அண்ணன்மார்கள் வந்தார்கள். வில்லையை நீட்டி, இது இன்னும் அடிக்காத வில்லை என்று சொன்னேன். இந்த விரிசல் இவ்வளவு தூரம் வர இன்னும் எத்தனையோ வருஷம் ஆகும், அதற்கப்புறம்தான் இந்த வில்லையை அடிப்பார்கள், அடித்தபிறகுதான் கோதண்டம் இதை வாங்கித் தொப்பியில் குத்துவான், பாத்திரக்கடைக்கு வரமுடியாத இடத்தில் இருப்பதால் ஆணியால் அவனே பெயர் கீறிக்கொள்வான், அதற்கும் அப்புறம்தான் சாவான், ஆகவே இன்றைக்கு அவன் உயிரோடு இருக்கிறான் என்றேன். வேறு ஊராக இருந்தால் என்னைப் பைத்தியம் என்று சொல்லியிருப்பார்கள். எங்கள் ஊரில் நாட்டாண்மை கொஞ்சநேரம் மீசையைத் தடவிவிட்டு, அப்படியானால் விரிசல் வந்து சேருகிற அன்றைக்குக் காரியத்தை வைத்துக்கொள்ளலாம், அதுவரைக்கும் வில்லை அவளிடமே இருக்கட்டும், சேர்ந்துவிட்டது என்று அவளே வந்து சொல்லட்டும் என்றார். பந்தலைப் பிரித்தார்கள். சமைத்த சோற்றை வீணாக்கவேண்டாம் என்று எல்லாரும் சாப்பிட்டுவிட்டுப் போனார்கள்.

ரேணுகா வில்லையை வாங்கி ஆணிக் கீறலைத் தடவிப் பார்த்தாள். "அவரு கையெழுத்துதான்கா. கோணலா இருக்குது பாரு" என்றாள். அன்றைக்கு அவள் ராத்திரி சாப்பாட்டுக்குக் குழம்பு வைத்தாள் என்றும், சுவைத்துப் பார்த்து உப்புப் போட்டாள் என்றும் அவள் வீட்டுப் பக்கத்தில் இருப்பவள் வந்து எனக்குச் சொன்னாள். எனக்குச் சந்தோஷமாக இருந்தது. சும்மா சொல்லக்கூடாது, என் புத்தியால் ஒருத்திக்குப் பிரயோஜனம் ஏற்பட்டது என்று மார்தட்டிக்கொண்டேன்.

அதற்குப் பிறகு பொங்கல் லீவு, ஆடி லீவு என்று எந்தப் பையன் பஸ்ஸைவிட்டு இறங்கினாலும் முதல் வேலையாக, தொப்பியக் கழட்டுடா என்பேன். பையன்கள் பழகிவிட்டார்கள், வீட்டுக்குப் போவதற்கு முன்னால் அவர்களே வந்து தொப்பியை நீட்டுவார்கள். நான் விரலை ஓட்டுவேன், ரேணுகா மிஷினை நிறுத்திவிட்டுத் திரும்பிப் பார்க்காமலே, "எதுவரைக்கும்கா?" என்பாள். இறக்கை ஆரம்பத்துல என்பேன். அடுத்த வருஷம், இறக்கை நடுவுல என்பேன். மிஷின் மறுபடி ஓடும். ஊரும் சேர்ந்துகொண்டது. ஏரியில் தண்ணீர் எவ்வளவு என்று கேட்பதுபோல விரிசல் எதுவரைக்கும் என்று டீக்கடையில் கேட்டுக்கொண்டார்கள், விரிசல் இறக்கைக்கு வந்த வருஷம் என் பெண் வயசுக்கு வந்தாள், விரிசல் இறக்கை நடுவில் இருந்தபோதுதான் இந்தப் போர்வெல் போட்டோம் என்று கணக்குச் சொன்னார்கள். மற்ற வீடுகளில் வில்லை வருவதும் காரியம் நடப்பதும் ஒருபக்கம் அதன் பாட்டுக்கு நடந்துகொண்டிருந்தது.

ஒரு பொங்கலில், இறக்கை முடிகிற இடம் என்று நான் சொன்னதும் மிஷின் ஓடவில்லை. திரும்பிப் பார்த்தேன். துணியைக் கையில் பிடித்தபடி உட்கார்ந்திருந்தாள்.

"ஏங்கா, கால்ல வந்து சேந்துச்சின்னா அவரு செத்துடுவாரு இல்ல?"

"ஆமா மே. ஆனா அதுவரைக்கும் இருக்கறாரு இல்ல."

"இருக்கறாரு. ஆனா இங்க இல்லியே" என்றாள். "இத்தினி வருசம் உசுரோட இருந்தும் வராதவரு, இன்னும் கொஞ்ச வருசம் இருந்து இன்னா பண்ணப் போறாரு?"

அவனுக்கு வரமுடியவில்லையோ, வர மனசில்லையோ, அவனை எவனாவது பிடித்து வைத்திருக்கிறானோ, அதெல்லாம் மயிலின் கழுத்தில் எழுதியிருக்கவில்லை. அவள் வீட்டில் மறுபடி உப்பில்லாத குழம்பு கொதிக்க ஆரம்பித்தது. விரிசல் நகர்ந்தால் அவன் சாவு நெருங்குகிறது, நகராவிட்டால் அவள் உட்கார்ந்த இடத்திலேயே உட்கார்ந்திருக்கவேண்டும். இந்த நிலைமையில் அவளைக் கொண்டுவந்து நிறுத்தியது நான்தான் என்பது தெரிந்தும், ஒவ்வொரு தொப்பியையும் வாங்கி விரலை ஓட்டிக்கொண்டுதான் இருந்தேன். ஏகாம்பரத்துக்கு இதற்குள் கண் மங்கிவிட்டது, தடியூன்றிக்கொண்டு கடைக்கு வருவார், விரிசலைப் பற்றி என்னிடம் கேட்கமாட்டார், ரேணுகாவிடமும் கேட்கமாட்டார், பெஞ்சில் உட்கார்ந்திருந்துவிட்டுப் போவார். கனவு மட்டும் நிற்கவில்லை என்று அவர் மருமகள் சொன்னாள்.

போன ஆடி லீவில் தேவேந்திரன் என்ற பையன் வந்தான், புதிதாகச் சேர்ந்தவன், நல்ல பிள்ளை, நான் கேட்பதற்கு முன்பே தொப்பியைக் கழற்றினான். விரலை வைத்தேன். தொண்டையில் ஒன்றும் தட்டுப்படவில்லை. கழுத்து வழவழவென்று இருந்தது. கண்ணாடியை மாட்டிக்கொண்டு வெளிச்சத்தில் பிடித்தேன். கொண்டையில் மூன்று இறகும் தனித்தனியாக, கூர்மையாக நின்றன, காலில் நான்கு விரலுக்குப் பதிலாக மூன்றுதான் இருந்தன. வேறு மயில். அச்சை மாற்றிவிட்டார்கள்.

"எங்களுக்கெல்லாம் புதுசுதான் குடுத்தாங்க ஆயா. பழைய அச்சு ஒடஞ்சி ரெண்டா போச்சாம், தூக்கிப் போட்டுட்டாங்களாம்" என்றான் பையன்.

"எதுவரைக்கும்கா?" என்றாள் ரேணுகா.

பொய் சொல்ல வாய் வரவில்லை. எழுந்துபோய் வில்லையை அவள் கையில் வைத்தேன். அவளுக்கும் இத்தனை வருஷத்தில் விரல் பழகியிருந்தது. தொண்டையிலிருந்து காலுக்கு, காலிலிருந்து தொண்டைக்குத் தடவினாள்.

"விரிசலே இல்ல."

"புது அச்சு மே."

"அப்ப அவரு வில்லைய இனிமே யாரும் அடிக்கமாட்டாங்க."

"மாட்டாங்க."

"அப்ப அவருக்குச் சாவும் கெடையாது, வரவும் மாட்டாரு" என்றாள். குரலில் ஒன்றும் இல்லை, அரிசி தீர்ந்துவிட்டது என்று சொல்வதுபோல்தான் சொன்னாள். எனக்குத்தான் வாய்விட்டு அழு சண்டாளி என்று கத்தவேண்டும்போல இருந்தது.

தேவேந்திரன் தொப்பியை வாங்கிக்கொண்டு போனபிறகு அவள் கேட்டாள்: "அக்கா, புது வில்லையில அந்த விரிசல நம்பளே போட முடியாதா?"

முடியாது என்றேன். அச்சில் விரிசல் விட்டால் வில்லையில் அது மேடாக எழும்பும், நாம் வில்லையில் கீறினால் பள்ளமாகத்தான் விழும், பித்தளையைத் தோண்டலாம், வளர்க்கமுடியாது, எந்த ஆசாரியாலும் முடியாது என்று விளக்கினேன். கவனமாகக் கேட்டுக்கொண்டாள்.

"கண்ணுக்குத் தெரியுமா, மேடு பள்ளம்?"

"கண்ணுக்குத் தெரியாது. கோடாத்தான் தெரியும். வெரலுக்குத்தான் தெரியும்."

"ஊருல யாரு வெரல வெச்சுப் பாக்கறாங்க" என்றாள். அன்று காலைதான் வந்து நான் இன்னும் பிரிக்காமல் வைத்திருந்த பார்சலைப் பிரித்து, விற்பனைக்கு வந்திருந்த புது மயில்களில் ஒன்றை எடுத்துக்கொண்டாள். "மாமா ராத்திரியில தூங்கறதில்லக்கா. எனக்குத்தான் முடிவு இல்ல, அவருக்காவது முடியட்டும். அவரு தம்பிய அவரு எடுத்துக்கட்டும். மண்ணுல வந்தத மட்டும் நான் குடுக்கமாட்டன்."

மறுநாள் காலையில் கடையைத் திறந்தபோது என் வெல்வெட் பலகையில் ஒரு வில்லை கூடியிருந்தது. கடைச் சாவி அவளிடமும் உண்டு. வரிசையில் கடைசியாக இருந்த மயிலுக்குப் பக்கத்தில் குத்தவில்லை, நடுவில் ஏழெட்டு வில்லை வைக்கிற அளவுக்கு இடம் விட்டு, ஓரத்தில் தனியாகக் குத்தியிருந்தாள். மண்ணிலிருந்து வந்த, கால்வரைக்கும் விரிசல் ஓடிய அதே மயில். அவளுக்குக் காலவரிசை தெரிந்திருந்தது.

விரிசல் வந்து சேர்ந்துவிட்டது மாமா என்று அவளே போய் ஏகாம்பரத்திடம் சொல்லியிருக்கிறாள். பந்தல் போட்டார்கள், அண்ணன்மார்கள் கிழவர்களாகி அதே வழியில் கோடிச் சேலையோடு வந்தார்கள், பறை காய்ந்தது. இந்தத் தடவை பூவை அவளே எடுத்துப் பக்கத்தில் இருந்தவளிடம் கொடுத்தாள். என்னிடம் புளியும் வில்லையும் வந்தது.

தேய்த்தேன். கறுப்பேற்றுவதற்காகச் சாணி மண்ணில் புதைத்து எடுத்திருந்தாள்போல, புளியில் அது சுலபமாகப் போனது. கட்டைவிரலை ஓட்டினேன். தொண்டையிலிருந்து கால்வரைக்கும் கோடு சரியாகத்தான் ஓடியது, ஆனால் விரல் ஏறவில்லை, இறங்கியது. பள்ளம். தையல் ஊசியால் எத்தனை தடவை இழுத்தாளோ, ஒரு பிசிறு இல்லாமல் இழுத்திருந்தாள். முதுகில் மு. கோதண்டம் என்று கோணலாகக் கீறியிருந்தாள், அவன் கீறியதுபோலவே.

நிமிர்ந்து பார்த்தேன். அவள் என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள், கெஞ்சலும் இல்லை, பயமும் இல்லை, மிஷினில் உட்கார்ந்து பார்ப்பதுபோல. அவளுக்குப் பக்கத்தில் ஏகாம்பரம், மங்கிய கண்ணை இடுக்கிக்கொண்டு, இரண்டு கையையும் முன்னால் நீட்டிக்கொண்டு, பிள்ளையை வாங்கிக்கொள்வதற்கு உட்கார்ந்திருப்பதுபோல உட்கார்ந்திருந்தார். எந்த வில்லை வந்தாலும் முகம் மேலே தெரியும்படிதான் வைப்பேன், அது என் வழக்கம், ஊருக்கே தெரியும். வாழையிலையை இழுத்தேன், மஞ்சள் தண்ணீர் தெளித்தேன், மயிலைக் குப்புறக் கவிழ்த்து, பெயர் மேலே தெரியும்படி வைத்தேன்.

நாட்டாண்மை பெயரைச் சத்தமாகப் படித்தார். ஏகாம்பரம் அந்த இலையை அப்படியே வாரி மார்போடு அணைத்துக்கொண்டு, "வந்துட்டியாடா" என்று ஊரே கேட்க அழுதார்.